‘நினைவை அணிகிறார்’ என்று எழுதி விற்ற 28,500 ரூபாய் லுங்கிச் சட்டை: பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

சென்னையில் ஐ.டி. நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கும் வாசகி எழுதிய நீண்ட கடிதத்தின் சுருக்கம் இது. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கியிருக்கிறேன்.

கணவரின் 40ஆவது பிறந்தநாளுக்கு இணையத்தில் ஒரு சட்டை வாங்கினார். சிவப்பும் நீலமும் கட்டம் போட்ட பருத்திச் சட்டை, விலை 28,500 ரூபாய். ஃபேஷன் இதழ் ஒன்றின் இணையப் பக்கத்தில் அந்தச் சட்டையைப் பற்றி ஒரு முழுக் கட்டுரையே வந்திருந்தது. இன்ஸ்டாகிராமில் இவர் பின்தொடரும் ஒரு பெண்ணும் அதைப் புகழ்ந்து வீடியோ போட்டிருந்தார். முதல் தடவை துவைத்தபோதே சாயம் போய்விட்டது. அதே மெஷினில் கிடந்த அப்பாவின் வெள்ளை வேட்டி ரோஸ் நிறமாகிவிட்டது.

அப்பா குடியாத்தம் பக்கம் முப்பது வருடம் லுங்கித் தறியில் உட்கார்ந்தவர். எந்தத் துணி சாயம் விட்டது என்று கேட்டு வாங்கி, பட்டன் பட்டியின் உள்பக்கத்தைத் திருப்பி, துணியின் கரையை விரலால் தடவிப் பார்த்தார். “இது கைத்தறியே இல்லம்மா, பவர்லூம். என்ன விலை?” என்று கேட்டார். மகள் ஒரு சைபரைக் குறைத்து 2,850 என்று சொல்லியிருக்கிறார். அதற்கே, “எட்டு லுங்கி வாங்கியிருக்கலாமே” என்று அப்பா வருத்தப்பட்டாராம்.

கடைக்கு எழுதினால், “ஒவ்வொரு துவைப்பிலும் இந்தத் துணி தன்னைப் புதிதாக எழுதிக்கொள்கிறது, அதுதான் அதன் அழகு” என்று பதில் வந்தது. பணம் திருப்பித் தரும் வழக்கம் இல்லையாம். வாசகியின் கேள்விகள் நான்கு. லுங்கித் துணியை இந்த விலைக்கு விற்றது மோசடிதானே? நிபந்தனைகளுக்கு ‘சம்மதம்’ என்று டிக் செய்து, துவைத்தும் விட்ட பிறகு ஏதாவது உரிமை மிச்சம் இருக்கிறதா? கட்டுரை எழுதியவர், வீடியோ போட்டவர் மீது நடவடிக்கை உண்டா? லுங்கிக் கட்டத்தை எடுத்துப் பணம் பண்ணுகிறவர்கள் மீது நெசவாளர்கள் வழக்குப் போட முடியாதா? கடைசியில் ஒரு வரி: “படித்தவள், அதுவும் தறிக்காரர் வீட்டுப் பெண், இதில் போய் ஏமாந்தேன் என்று வெளியே சொல்லவே கூச்சமாக இருக்கிறது.”

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். கூச்சப்படாதீர்கள். இருபது வருடமாக நுகர்வோர் வழக்குகள் பார்க்கிறேன். விலை உயர்ந்த பொருளில் ஏமாந்தவர்களில் பாதிப் பேர் இந்தக் கூச்சத்தால்தான் புகார் கொடுக்காமல் விட்டுவிடுகிறார்கள். ஐநூறு ரூபாய் மிக்ஸி ஜார் உடைந்தால் கடைக்காரரோடு சண்டை போடுகிறவர்கள், முப்பதாயிரம் ரூபாய்ப் பை பிய்ந்தால் அதைத் துணி சுற்றி அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். “இவ்வளவு கொடுத்து வாங்கினாயா?” என்ற ஒரு கேள்விக்குப் பயம். நீங்கள் எழுதிவிட்டீர்கள். சரி, விஷயத்துக்கு வருவோம்.

முதல் கேள்விக்கு என் பதில் உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். விலை அதிகம் என்பது மட்டும் மோசடி ஆகாது. அத்தியாவசிய மருந்துகளுக்கு அரசு விலை உச்சவரம்பு வைத்திருக்கிறது, சட்டைக்கு அப்படி எதுவும் கிடையாது. அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் விற்கக் கூடாது என்றுதான் சட்டம் சொல்கிறது. எவ்வளவு அச்சிடலாம் என்பது விற்பவரின் விருப்பம். 2017இல் பலென்சியாகா என்ற ஆடம்பர ஃபேஷன் நிறுவனம் 2,145 டாலருக்கு விற்ற நீலநிறப் பை, ஐகியா கடையில் 99 சென்ட்டுக்குக் கிடைக்கும் பையை அச்சு அசலாக ஒத்திருந்தது. 2025இல் பிராடா ஒரு சேஃப்டி பின்னுக்கு நூல் சுற்றி 775 டாலர் போட்டது. அதே வருடம் அமெரிக்கக் கடை ஒன்றில், நம் ஊர் மஞ்சப்பை மாதிரியான ஒரு துணிப்பை 48 டாலருக்கு விற்பனைக்கு வந்தது. பார்த்தவர்கள் கொதித்தார்கள், கேலி செய்தார்கள். ஆனால் விலையை வெளிப்படையாகப் போட்டு விற்றவரைச் சட்டம் ஒன்றும் செய்யாது.

இத்தாலியில் நடந்ததைச் சொன்னால் இன்னும் தெளிவாகும். டியோர் என்ற ஆடம்பர ஃபேஷன் நிறுவனத்துக்காகப் பை தைத்த ஒரு பட்டறைக்குப் பை ஒன்றுக்கு 53 யூரோ கொடுக்கப்பட்டது, அதே பை கடையில் 2,600 யூரோ என்று 2024இல் மிலான் நீதிமன்ற ஆவணங்களில் வெளியானது. தோல் முதலான மூலப்பொருள் செலவு அந்த 53இல் சேராது. இருந்தாலும் இடைவெளி எவ்வளவு என்று பாருங்கள். ஆனால் நீதிமன்றம் அந்த இடைவெளிக்காகத் தலையிடவில்லை. பட்டறைகளில் தொழிலாளர்களைக் கசக்கிப் பிழிந்ததற்காகத் தலையிட்டது. அந்த நாட்டின் போட்டி ஆணையம் தனியாக விசாரித்தது எதை என்றால், ‘கைவினை’, ‘பொறுப்பான உற்பத்தி’ என்று இந்த நிறுவனங்கள் எழுதிய வார்த்தைகளை. அந்த விசாரணையில் அர்மானி நிறுவனத்துக்கு 2025இல் 35 லட்சம் யூரோ அபராதம் விழுந்தது. விலையைத் தொடாத சட்டம், சொன்ன சொல்லைத் தொட்டது. உங்கள் வழக்கும் அந்த இடத்தில்தான் இருக்கிறது.

விளம்பரத்தைப் பென்சிலோடு படியுங்கள்

விற்பனைப் பக்கத்தில் இருந்த ஆங்கில வரிகளை நீங்களே தமிழாக்கி அனுப்பியது மிகவும் உதவியது. தமிழில் சொல்லிப் பார்க்கும்போதுதான் எது சரக்கு, எது வெறும் காற்று என்று பளிச்சென்று தெரிகிறது. நீங்கள் அனுப்பியது இது:

“காலத்தின் கட்டங்களுக்குள் ஒரு தியானம். தறியின் மூச்சு இன்னும் இந்தத் துணிக்குள் இருக்கிறது. தென்னிந்திய நெசவாளர்களின் கைகளால் நெய்து, இயற்கைச் சாயத்தில் தோய்த்தது. இதை அணிபவர் உடையை அணிவதில்லை, நினைவை அணிகிறார்.”

ஒரு பென்சிலை எடுத்து, பொய் என்று யாராலும் நிரூபிக்க முடியாத வரிகளை அடித்துவிடுங்கள். ‘காலத்தின் கட்டங்களுக்குள் தியானம்’ போகட்டும். ‘தறியின் மூச்சு’ போகட்டும். ‘நினைவை அணிகிறார்’ போகட்டும். இவற்றைச் சட்டத்தில் விற்பனையாளரின் சொந்தப் புகழ்ச்சி என்று விட்டுவிடுவார்கள். ‘ஊரிலேயே ருசியான காபி’ என்று ஒரு ஹோட்டல் போர்டு வைத்தால் யாரும் வழக்குப் போட மாட்டார்கள் அல்லவா, அது மாதிரி.

அடித்த பிறகு மிச்சம் இருப்பது இரண்டே விஷயம். ஒன்று, ‘கைகளால் நெய்தது.’ இரண்டு, ‘இயற்கைச் சாயம்.’ இவை இரண்டும் உண்மையாக இருக்கலாம், பொய்யாக இருக்கலாம், ஆனால் சோதித்துப் பார்க்க முடிந்தவை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பொருளைப் பற்றிப் பொய்யாக விவரிப்பதும், அதன் தன்மையையோ தரத்தையோ பற்றி வாங்குபவரைத் தவறாக நினைக்க வைப்பதும், முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் ‘தவறாக வழிநடத்தும் விளம்பரம்’ என்ற விளக்கத்துக்குள் வருகின்றன.

நீங்கள் மூன்று பக்கம் விலையைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். உங்கள் அப்பா சொன்னதை ஒரு வரியில், போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். வக்கீலாக எனக்கு அந்த ஒரு வரிதான் பெரிது. அது பவர்லூம் துணி என்பது நிரூபணமானால், உங்களுக்கு விற்கப்பட்டது சொன்ன பொருளே அல்ல. அப்போது அது 28,500 ரூபாய் என்றாலும், 285 ரூபாய் என்றாலும் தப்பு தப்புதான்.

நீங்கள் இணைத்திருந்த இதழ்க் கட்டுரையையும் முழுக்கப் படித்தேன். ‘மௌனம்’, ‘உரையாடல்’, ‘மண்ணின் ஆன்மா’ என்று வார்த்தைகள் வந்துகொண்டே இருக்கின்றன. நூல் எவ்வளவு மெல்லியது என்று சொல்லும் கவுண்ட் என்ன, நீளவாட்டில் ஓடும் பாவு எது, குறுக்கே ஓடும் ஊடை எது, எந்த ஊரில் நெய்தது, எப்படித் துவைக்க வேண்டும், ஒன்றுகூட இல்லை. உங்கள் அப்பா ஒரு கோ-ஆப்டெக்ஸ் கடைக்குள் நுழைந்தால் முதலில் என்ன கேட்பார்? எந்த நெசவாளர் சங்கத்து உருப்படி, சாயம் நிற்குமா, எத்தனை மீட்டர். இந்த மூன்றுக்கும் பதில் சொல்லாத ஒரு கட்டுரையைத் துணியைப் பற்றிய கட்டுரை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போடும் விடியற்காலையைப் பற்றி எழுதலாம். தறிக்குழிக்குள் கால் மாற்றி மாற்றி மிதித்து, மாலையில் முட்டி பிடித்துக்கொள்வதைப் பற்றி எழுதலாம். அதை எல்லாம் தெரிந்துகொள்ளாமல், அந்த வேலையின் பெயரை மட்டும் எடுத்து ‘மூச்சு’ என்றும் ‘நினைவு’ என்றும் விற்பது எனக்குக் கோபமாகத்தான் இருக்கிறது.

சாயம் போவது குறையா, குணமா?

கடையின் பதிலைப் படித்ததும் எனக்கு ஒரு பழைய சம்பவம் நினைவுக்கு வந்தது. உங்கள் அப்பாவும் கேள்விப்பட்டிருக்கலாம்.

1958இல் வில்லியம் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க ஜவுளி இறக்குமதியாளர், ஏற்றுமதி வியாபாரியான கேப்டன் கிருஷ்ணன் நாயரிடம் மெட்ராஸ் கட்டம் போட்ட கைத்தறித் துணியைப் பத்தாயிரம் கெஜம் வாங்கினார். கெஜம் ஒரு டாலர். பின்னால் லீலா ஹோட்டல்களைத் தொடங்கிய அதே நாயர்தான். இந்தத் துணி சாயம் விடும், பச்சைத் தண்ணீரில் மெதுவாக அலச வேண்டும் என்று நாயர் சொல்லித்தான் கொடுத்தார். ஜேக்கப்சன் துணியைப் புரூக்ஸ் பிரதர்ஸ் நிறுவனத்துக்கு விற்றபோது அந்த எச்சரிக்கையைச் சொல்லவில்லை. சட்டையும் கோட்டும் கடைக்கு வந்தன, வாங்கியவர்கள் மெஷினில் போட்டார்கள், சாயம் ஓடியது, புகார் குவிந்தது. நாயரை அமெரிக்காவுக்கு வரவழைத்து வழக்குப் போடுவோம் என்று மிரட்டும் அளவுக்குப் போனதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். கடைசியில் செவன்டீன் என்ற இதழுக்கு நாயர் ஒரு பேட்டி கொடுத்தார். துவைக்கத் துவைக்க நிறம் மாறும் அதிசயத் துணி என்று அது பல பக்கங்களுக்கு வெளிவந்தது. அப்புறம் ‘சாயம் போகும், உத்தரவாதம்’ என்றே விளம்பரம் வந்தது. சரக்கு பிய்த்துக்கொண்டு போனது.

உங்கள் கடைக்காரர் இந்த இரண்டாம் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறார். சாயம் போவதும் அழகுதான் என்கிறார். ஆனால் அந்த விளம்பரம் வாங்குவதற்கு முன்னால், கொட்டை எழுத்தில், சாயம் போகும் என்று சொல்லிவிட்டது. விரும்பியவர் வாங்கினார், வேண்டாதவர் விட்டார். உங்களுக்கோ வேட்டி ரோஸ் நிறமான பிறகுதான் சொல்லியிருக்கிறார்கள். முன்னால் சொன்னால் அது குணம். மறைத்து விற்று, கேட்ட பிறகு சொன்னால் அது குறை. நீங்கள் நிற்பது புரூக்ஸ் பிரதர்ஸின் முதல் வாடிக்கையாளர்கள் நின்ற இடத்தில்.

இயற்கைச் சாயம் என்றாலே கழன்று ஓடத்தான் செய்யும் என்று அவர்கள் வாதாடலாம். அதுவும் சரியில்லை. படிகாரம் போட்டு நிறத்தை நிற்க வைக்கிற முறை நம் ஊரில் காலங்காலமாக இருக்கிறது.

டிக் செய்ததால் உரிமை போகாது

‘நிபந்தனைகளுக்குச் சம்மதம்’ என்ற கட்டத்தில் டிக் போட்டுவிட்டேன் என்று பதறியிருக்கிறீர்கள். இணைய வணிகத்துக்கான 2020ஆம் ஆண்டு விதிகளின்படி, பொருள் குறையுள்ளதாக இருந்தாலோ, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாவிட்டாலோ, விற்பவர் அதைத் திரும்ப எடுக்கவும் பணத்தைத் தரவும் மறுக்கக் கூடாது. கடையின் சொந்த நிபந்தனை இந்த விதியை அழிக்க முடியாது. துவைத்துவிட்டோமே என்றும் யோசிக்காதீர்கள். துவைக்காமல் சாயம் போகுமா போகாதா என்று யாருக்குத் தெரியும்?

குறையுள்ள பொருளை, பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிக நடைமுறை என்று சட்டமே சொல்கிறது. சட்டை கைக்கு வந்து இருபது நாள் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். ஆகவே அடுத்த கடிதத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.

தகராறு எதுவானாலும் டெல்லியில்தான் வழக்கு என்று அந்த நிபந்தனைப் பட்டியலில் ஒரு வரி இருக்கிறது. அதற்கும் பயப்பட வேண்டாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கப் புதிய சட்டம் வழி செய்திருக்கிறது.

உங்கள் பக்கத்தில் பலவீனமான இடங்கள்

இவற்றைச் சொல்லாமல் விட்டால் நான் உங்களுக்கு நல்லது செய்தவன் ஆக மாட்டேன்.

முதலாவது, துவைத்த விதம். சட்டையின் லேபிளில் துவைக்கும் குறியீடு எதுவும் இல்லை, ‘மெதுவாகக் கழுவுங்கள், நினைவுகள் மென்மையானவை’ என்று ஒரு வரி மட்டும் இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். இதைத்தான் எச்சரிக்கை என்று எதிர்த்தரப்பு காட்டும், தயாராக இருங்கள். தனியாகத் துவைக்கவும், பச்சைத் தண்ணீரில் அலசவும், முதல் சில தடவை சாயம் போகும் என்று சொல்வதுதான் துவைக்கும் குறிப்பு. கவிதை எழுதுகிற இடம் அது இல்லை. இந்த வாதம் நிற்கும் என்று நம்புகிறேன். ஆனாலும் புதுச் சிவப்புத் துணியை வெள்ளை வேட்டியோடு சேர்த்துப் போட்டது உங்கள் பக்கத் தவறு என்று ஆணையம் கருத வாய்ப்பு உண்டு. வேட்டிக்கான இழப்பீடு குறையலாம்.

இரண்டாவது, அப்பாவின் சாட்சியம். அவர் விரல் பொய் சொல்லாது என்று எனக்கும் தோன்றுகிறது. ஆனால் அவர் உங்கள் அப்பா. ஆணையத்தில் அவர் சொல்லுக்கு ஒரு வெளியாளின் அறிக்கை கொடுக்கும் எடை கிடைக்காது. கரையில் விழும் தடத்தை மட்டும் வைத்து முடிவு சொல்லவும் முடியாது, அது பவர்லூமிலும் விழும், கைத்தறியிலும் விழும். அதனால் மத்திய அரசின் ஜவுளிக் குழு ஆய்வகத்திலோ, கோவையில் உள்ள சிட்ரா எனப்படும் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கத்திலோ விசாரித்து, சாயம் எவ்வளவு நிற்கிறது, அது இயற்கையா ரசாயனமா என்று ஒரு பரிசோதனை செய்துகொள்ள முடிந்தால் நல்லது. சோதனை இல்லாமல் குறையைக் கண்டறிய முடியாது என்றால், மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கும் அதிகாரம் உண்டு.

கைத்தறியா என்ற கேள்வியை அவர்களிடமே திருப்பிக் கேளுங்கள். எந்தச் சங்கத்தில் அல்லது எந்த நெசவாளரிடம் துணி வாங்கினீர்கள், ரசீது எங்கே, கைத்தறி முத்திரை உண்டா என்று. முத்திரை வாங்குவது கட்டாயம் இல்லை, அதனால் அது இல்லாதது மட்டுமே ஆதாரம் ஆகாது. ஆனால் உண்மையிலேயே தறியில் வாங்கியவருக்குப் பத்து நிமிடத்தில் பதில் சொல்லிவிட முடியும். பதில் சொல்லத் தயங்கினால், அந்தத் தயக்கத்தையே உங்கள் புகாரில் எழுதலாம்.

கட்டுரையாளரும் வீடியோ போட்டவரும்

இங்கே நிதானமாக இருங்கள். ஒரு பத்திரிகையாளர் தன் சொந்த அபிப்பிராயமாக ஒரு சட்டையைத் தலையில் தூக்கி வைத்து ஆடினால், அது மோசமான எழுத்து, அவ்வளவுதான். அதற்கு வழக்கு கிடையாது. காசோ, இலவசச் சட்டையோ வாங்கிக்கொண்டு அதைச் சொல்லாமல் எழுதியிருந்தால்தான் விஷயம் வேறு. விளம்பரங்களுக்கான 2022ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளின்படி, பரிந்துரை செய்பவர் விற்பவரோடு தனக்குள்ள தொடர்பை வெளிப்படுத்த வேண்டும், பொருளைப் பற்றிப் போதுமான தகவலோ அனுபவமோ இருந்துதான் பேச வேண்டும். மீறினால் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம், ஒரு வருடம் வரை விளம்பரங்களில் பரிந்துரை செய்யத் தடை விதிக்கலாம். ஆனால் அந்த அபராதம் உங்கள் கைக்கு வராது. உங்களுக்குப் பணம் வேண்டும் என்றால் கடைக்காரரை விடாதீர்கள். வீடியோ பற்றி அந்த மத்திய ஆணையத்துக்குத் தனியாக ஒரு புகார் அனுப்பிவிட்டு மறந்துவிடுங்கள்.

கடையின் பெயரைப் போட்டுச் சமூக ஊடகத்தில் ‘திருடர்கள்’ என்று எழுதப் போவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். அந்த ஒரு சொல்லை மட்டும் எழுத வேண்டாம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆவது பிரிவில் அவதூறு இன்னும் குற்றம்தான். வாங்கிய தேதி, கொடுத்த விலை, துவைத்ததும் ஆனது, கடை சொன்ன பதில், இரண்டு போட்டோ. நடந்ததை நடந்தபடி போடலாம்.

லுங்கிக் கட்டம் யாருடையது?

இதற்குச் சுருக்கமாகத்தான் சொல்ல முடியும். கட்டம் போட்ட துணி என்ற பொதுவான வடிவத்துக்குச் சட்டத்தில் உரிமையாளர் கிடையாது. 2018இல் ஜாரா நிறுவனம் நம் லுங்கியை அப்படியே ஒத்த ஒரு பாவாடையை 69.99 பவுண்டுக்கு விற்றபோது, நம்மவர்கள் கிண்டல் செய்ததோடு சரி. புவிசார் குறியீடு பெற்ற பொருள் என்றால் கொஞ்சம் பிடிமானம் உண்டு, அதற்கும் எல்லை இருக்கிறது. 2025 ஜூனில் மிலானில் பிராடா காட்டிய செருப்பு கோலாப்புரிச் செருப்பேதான் என்று பெரிய சர்ச்சை எழுந்தது. கோலாப்புரிக்கு 2019இலேயே குறியீடு கிடைத்திருந்தது. பம்பாய் உயர்நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டது வழக்கறிஞர்கள். குறியீட்டைப் பதிவு செய்த உரிமையாளர்தான் வர வேண்டும் என்று நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. ஆனால் சத்தம் போட்டது வீண் போகவில்லை. அந்த வருட டிசம்பரில், குறியீட்டை வைத்திருக்கும் மகாராஷ்டிர, கர்நாடக அரசு நிறுவனங்களோடு பிராடா ஒப்பந்தம் செய்து, 2,000 ஜோடிகளை இங்கேயே செய்வதாக அறிவித்தது. ஜோடி சுமார் 800 யூரோ. உங்கள் அப்பாவின் சங்கத்தில் இப்போதும் தறி ஓட்டுகிறவர்கள் இருந்தால், குறியீட்டுக்கு விண்ணப்பிப்பது பற்றி அவர்கள் கைத்தறித் துறையில் கேட்கலாம். உங்கள் சட்டைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

இனி செய்ய வேண்டியது

விற்பனைப் பக்கத்தை இன்றைக்கே, தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். புகார் போனதும் ‘கைகளால் நெய்தது’ என்ற வரி காணாமல் போய்விடலாம், நான் பார்த்திருக்கிறேன். வீடியோவையும் சேமித்து வையுங்கள். சட்டையை மறுபடி நனைக்காதீர்கள், அப்பாவின் வேட்டியோடு ஒரு பையில் தனியாக வையுங்கள். பில், லேபிள், பார்சல் அட்டை எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

பிறகு அந்த நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு ஒரு மின்னஞ்சல். அலுவலர் 48 மணி நேரத்தில் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்தில் தீர்வு சொல்ல வேண்டும். கடிதத்தில் விலை அநியாயம் என்று ஒரு வார்த்தைகூட வேண்டாம். இரண்டு பொய்யான விவரம், மறைத்த ஒரு தகவல், மறுத்த பணம், இவ்வளவுதான். நடுவில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்கள். பல நிறுவனங்கள் அந்தக் கட்டத்திலேயே பணத்தைக் கொடுத்துவிடுகின்றன. முழுத் தொகை கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள் என்பதே என் ஆலோசனை. ‘வேறு பொருள் எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று கூப்பன் கொடுத்தால் ஏற்க வேண்டாம்.

மசியவில்லை என்றால் இ-ஜாக்ருதி இணையதளம் வழியாக மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை. புகார் கொடுக்க இரண்டு வருடம் அவகாசம் உண்டு. மூன்று மாதத்தில், சோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், நடைமுறையில் அதைவிட நாளாகும். ஆபீஸுக்கு லீவு போட்டு ஓரிரு முறை போக வேண்டியிருக்கும். அதையும் கணக்கில் வைத்து முடிவெடுங்கள்.

ஒன்று பாக்கி இருக்கிறது. புகாரோடு பில் நகல் போகும், அதில் 28,500 என்று இருக்கும். அப்பாவிடம் கையெழுத்து வாங்கும் பிரமாணப் பத்திரத்திலும் அதே தொகைதான் இருக்கும். அதில் அவர் பார்ப்பதற்கு முன்னால் நீங்களே சொல்லிவிடுங்கள். கொஞ்சம் திட்டுவார், பிறகு எட்டு லுங்கிக் கணக்கை எண்பதாக மாற்றிச் சொல்வார். சொல்லி முடிக்கட்டும். அப்புறம் சட்டையை அவர் கையில் கொடுத்து, கரையில் என்ன பார்த்தார், எதை வைத்து பவர்லூம் என்று சொன்னார் என்று கேட்டு, அவர் வார்த்தையிலேயே ஒரு தாளில் எழுதி எனக்கு அனுப்புங்கள்.